சந்தா கட்டுவதும் உறுப்பினராக இருப்பதும்: டிஜிட்டல் ஆவணக் காப்புக் கூட்டமைப்புகளின் உறுப்பினர் விதிகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2018 டிசம்பரில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திவந்த ‘டிஜிட்டல் பிரிசர்வேஷன் நெட்வொர்க்’ என்ற கூட்டமைப்பு தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஒப்படைக்கப்படும் கோப்புகளை இருபது ஆண்டுகள் காப்போம் என்று வாக்களித்திருந்த அமைப்பு அது. 2012இல் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டாலும் அதன் ஆயுள் ஏழு ஆண்டுகளைத் தாண்டவில்லை. கணினித் தொழில்நுட்பம் கைவிட்டதால் அதற்கு அந்த முடிவு நேரவில்லை. சந்தா கட்டிய உறுப்பினர்களில் பலர் எதையும் ஒப்படைக்காமலே இருந்தார்கள், பயன்படுத்தாத ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று யோசித்தார்கள், ஒவ்வொருவராக விலகினார்கள். சந்தாவை மட்டுமே நம்பி நின்ற அமைப்பு, சந்தா சுருங்கியதும் நிற்க முடியாமல் போனது.

கூட்டமைப்பின் விதிநூலை எழுத உட்காரும் குழுக்கள் பெரும்பாலும் சந்தாத் தொகையில் தொடங்கி, வாக்குரிமையில் நேரத்தைச் செலவிட்டு, விலகல் விதியைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியாக முடித்துவிடுகின்றன. இந்த ஆய்வு அந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்று வாதிடுகிறது. ஓர் உறுப்பினர் என்ன கொண்டுவர வேண்டும், என்ன வேலை செய்ய வேண்டும், போகும்போது எப்படிப் போக வேண்டும் ஆகிய மூன்றும் தெளிவானால், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்கான விடை தானாகத் திரண்டு வரும் என்பது என் முடிவு. அமெரிக்காவின் நான்கு கூட்டமைப்புகளையும், ஒப்பீட்டுக்காகப் பிரிட்டனைச் சேர்ந்த ஒன்றையும் பன்னாட்டு அமைப்பு ஒன்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தனியாகக் காக்க முடியாத ஒன்று

ஒரு நூலகம் தன் டிஜிட்டல் சேகரிப்பைத் தானே காத்துக்கொண்டால் போதாதா என்று நிர்வாகிகள் கேட்பது இயல்பு. அதற்கான விடையை ‘நேஷனல் டிஜிட்டல் ஸ்டூவர்ட்ஷிப் அலையன்ஸ்’ (என்.டி.எஸ்.ஏ.) என்ற அமெரிக்கக் கூட்டமைப்பு 2013இல் வெளியிட்டு 2019இல் திருத்திய ‘காப்பு நிலைகள்’ அட்டவணையில் காணலாம். அதன் முதல் நிலை கேட்பது, ஒரே இடத்தில் வைக்கப்படாத இரண்டு முழுப் பிரதிகள். நான்காம் நிலை கேட்பதோ, வெவ்வேறு வகைப் பேரிடர்களுக்கு உட்பட்ட இடங்களில் குறைந்தது மூன்று பிரதிகள். முதல் நிலையை ஒரு நிறுவனம் தன் இரண்டு கட்டடங்களைக் கொண்டே எட்டிவிடலாம். நான்காம் நிலைக்கு நிலநடுக்கப் பகுதியில் இருப்பவருக்குச் சமவெளியில் ஒருவரும், புயல் தாக்கும் கரையோரத்தில் இருப்பவருக்கு உள்நாட்டில் ஒருவரும் துணை வேண்டும்.

தொலைவான இடத்தை இன்று வாடகைக்கு எடுத்துக்கொள்ள முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நிர்வாகக் கணக்கின் கீழ் மூன்று இடங்களில் மூன்று பிரதிகள் இருந்தாலும், ஒரு கடவுச்சொல் திருடப்பட்டால் அல்லது ஒரு வரவுசெலவுக் கூட்டத்தில் ஒரு துறை மூடப்பட்டால், மூன்றும் ஒரே நாளில் போய்விடும். பிரதிகள் வெவ்வேறு நிர்வாகங்களின் கையில் இருக்கும்போதுதான் இந்த ஆபத்து குறைகிறது. ஆகவே இங்கே உறுப்பினராவது என்பது தன் பொருளைப் பிறர் கையில் கொடுப்பதும், பிறர் பொருளைத் தன் கையில் வாங்கிக்கொள்வதும் ஆகும். தொழிற்சங்கத்திலோ வாசகர் வட்டத்திலோ சேர்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இது. மற்ற சங்கங்களின் விதிநூலை அப்படியே நகலெடுத்து இங்கே பயன்படுத்த முடியாததற்கும் இதுவே காரணம்.

இருபதாயிரம் டாலர் உறுப்பினர்

டிஜிட்டல் பிரிசர்வேஷன் நெட்வொர்க்கின் கட்டமைப்பு நன்றாகவே சிந்திக்கப்பட்டிருந்தது. ஐந்து பெரிய காப்பகங்கள் அதன் கணுக்களாக, அதாவது பிரதிகளைத் தாங்கும் இடங்களாக, தொடக்கத்தில் அமைந்தன: ஏ.பி.டிரஸ்ட், குரோனோபொலிஸ், ஹாத்திடிரஸ்ட், ஸ்டான்ஃபோர்டின் டிஜிட்டல் காப்பகம், டெக்சாஸின் காப்பகம். உறுப்பினர் ஒரு கணுவின் வழியாகக் கோப்புகளை ஒப்படைத்தால், அவை வேறு இரண்டு கணுக்களுக்கும் பிரதியெடுக்கப்படும். ஒப்படைத்த நிறுவனமே ஒருநாள் இல்லாமல் போனால், அந்தப் பொருளின் மீதான உரிமை எப்படிக் கைமாறும் என்பதற்கும் சட்ட வழி யோசிக்கப்பட்டிருந்தது. இத்துறையில் அரிதாகவே காணப்படும் முன்யோசனை அது. ஆண்டுச் சந்தா 20,000 டாலர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 5 டெராபைட் அளவுக்கு ஒப்படைக்கலாம். ஒப்படைத்தது இருபது ஆண்டுகள் காக்கப்படும். தொடக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர முன்வந்தன.

இந்த ஏற்பாட்டில் விடுபட்டது ஒன்று: உறுப்பினர் எதையேனும் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 5 டெராபைட் என்பது உரிமையாக இருந்ததே தவிரக் கடமையாக இருக்கவில்லை. தாளில் பார்க்கும்போது இது தாராளமாகத் தெரியும். அந்த உரிமையைப் பயன்படுத்த ஒரு நூலக ஊழியர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் சிக்கல் விளங்கும்.

ஒப்படைப்புக்கு ‘பேக்இட்’ என்ற பொதி முறை பயன்பட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் கலிஃபோர்னியா டிஜிட்டல் லைப்ரரியும் உருவாக்கி, பின்னர் 2018 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 8493 என்ற எண்ணில் இணைய ஆவணமாக வெளியான முறை அது. பொதி என்பது ஒரு கோப்புறை. அதனுள் ‘டேட்டா’ என்ற உள்கோப்புறையில் காக்கப்பட வேண்டிய கோப்புகள் இருக்கும். வெளியே, எந்தப் பதிப்பு விதிப்படி கட்டப்பட்டது என்று சொல்லும் சிறு உரைக்கோப்பு ஒன்று. அதோடு ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அதன் செக்சம் எண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) வரிக்கு ஒன்றாகத் தாங்கிய பட்டியல் ஒன்று. எஸ்.எச்.ஏ-256 முறையில் கணக்கிட்டால் அந்த எண் 64 எழுத்துகள் நீளம் வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும் என்பதால், எத்தனை ஆண்டு கழித்தும் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்து, கொடுத்தது கொடுத்தபடியே இருக்கிறதா என்று உறுதிசெய்யலாம்.

பொதியைக் கட்டும் வேலையை மென்பொருள் சில நிமிடங்களில் முடித்துவிடும். எதைக் கட்டுவது என்று முடிவு செய்வதற்குத்தான் மாதங்கள் பிடிக்கும். ஓர் ஒலிப்பதிவுச் சேகரிப்பை எடுத்துக்கொள்வோம். மூல நாடாவிலிருந்து எடுத்த கோப்பு ஒரு கோப்புறையில், இரைச்சல் நீக்கியது இன்னொன்றில், ‘இறுதி’ என்றும் ‘புதிய இறுதி’ என்றும் பெயரிட்டவை மூன்றாவதில் கிடக்கும். எது மூலம் என்பது, அதைச் செய்து ஓய்வு பெற்றுவிட்டவருக்கு மட்டுமே தெரியும். பேசியவர்கள் கொடுத்த ஒப்புதல் கடிதங்கள் காகிதத்தில் இருக்கும். அவற்றில் பிரதியெடுத்து வெளி நிறுவனத்திடம் கொடுக்க இசைவு உண்டா என்பதை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும். விவரக் குறிப்பு சில பதிவுகளுக்கு இருக்கும், பலவற்றுக்கு இருக்காது. இருபது ஆண்டு கழித்து ஒருவர் திறந்து பார்க்கப்போகும் பொதியில் தவறான பிரதியை வைத்துவிடக் கூடாதே என்ற அச்சத்திலேயே, பொறுப்புள்ள ஊழியர் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பார். அவருடைய நிலையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலைக்கு ஆளும் நேரமும் ஒதுக்காமல் சந்தாவுக்கு மட்டும் நிதி ஒதுக்கிய முடிவைத்தான் கேள்வி கேட்க வேண்டும். சந்தா ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் ஒருவர், பொதி கட்ட வேண்டியவர் வேறொருவர். விதிநூல் முதலாமவரிடம் மட்டுமே பேசியது.

உறுப்பினர் சேர்ந்த முதல் பதினெட்டு மாதங்களுக்குள் சிறிதாயினும் ஒரு பொதியை ஒப்படைக்க வேண்டும், அதற்குப் பொறுப்பான ஊழியரின் பதவியை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சேர முன்வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்பது உறுதி. ஆனால் தங்கள் பொருள் உள்ளே இருக்கும் நிறுவனம், பொருளே இல்லாத நிறுவனத்தைப் போல எளிதில் விலகியிருக்காது. எண்ணிக்கையைப் பெருக்கும் விதியும் அமைப்பை நிலைக்கவைக்கும் விதியும் ஒன்றாக இருப்பதில்லை.

சர்வரோடு வருபவர்

இதற்கு நேர்மாறான வழியை மெட்டாஆர்க்கைவ் கூட்டுறவு 2004இலேயே எடுத்தது. அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த ஆறு பல்கலைக்கழக நூலகங்கள், லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தேசிய டிஜிட்டல் காப்புத் திட்டத்தின் உதவியோடு அதைத் தொடங்கின. ஸ்டான்ஃபோர்டில் உருவான லாக்ஸ் மென்பொருள் அதன் அடிப்படை. சந்தா கட்டினால் மட்டும் இங்கே உறுப்பினராகிவிட முடியவில்லை. சொந்தமாக ஒரு சர்வரை வைத்து, வலையமைப்போடு இணைத்து, பிற உறுப்பினர்களின் கோப்புகளையும் அதில் காக்க வேண்டியிருந்தது. தனியாக ஒரு சர்வரை நடத்த வலுவில்லாத சிறு நிறுவனங்கள் சேர்ந்து ஒரே உறுப்பினராக நுழையவும் தனி வகை வைக்கப்பட்டது.

லாக்ஸ் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்தால் இந்த விதியின் நியாயம் புரியும். ஒரே கோப்பை வைத்திருக்கும் கணுக்கள் அவ்வப்போது தங்கள் பிரதியின் செக்சத்தைக் கணக்கிட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொள்கின்றன. பெரும்பான்மையோடு ஒத்துவராத பிரதி பழுதானது என்று தீர்மானிக்கப்பட்டு, நல்ல பிரதியிலிருந்து சரிசெய்யப்படுகிறது. இரண்டே பிரதிகள் இருந்தால் எது சரி, எது பிழை என்று சொல்ல ஆளில்லை. எண்ணிக்கை கூடக் கூடத்தான் தீர்ப்பு நம்பகமாகிறது. ஆகவே ஓர் உறுப்பினர் தன் சர்வரை அணைத்துவிட்டால் மற்ற எல்லோருடைய கோப்புகளின் காவலிலும் ஒரு கண் குறைந்துபோகிறது. வெறும் நிர்வாக விதிபோலத் தோன்றும் ‘சர்வரைத் தொடர்ந்து இயக்க வேண்டும்’ என்ற வரி, உண்மையில் காப்பு முறையின் ஓர் உறுப்பு.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். சர்வரை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஊழியர் இல்லாத நிறுவனம் உள்ளே வரவே தயங்கும். யாருடைய ஆவணங்கள் அழிவுக்கு மிக அருகில் இருக்கின்றனவோ, அவர்களே வெளியில் நிற்க நேரிடும். கூட்டாகச் சேரும் வகை இந்தக் குறையை ஓரளவே போக்குகிறது.

சந்தாவே இல்லாத கூட்டமைப்பு

காப்பு நிலைகள் அட்டவணையை உருவாக்கிய என்.டி.எஸ்.ஏ. 2010இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் முயற்சியில் தொடங்கியது. அதில் சேரச் சந்தா கிடையாது. பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள், தொழில்முறைச் சங்கங்கள், இலாப நோக்கற்ற அமைப்புகள், வணிக நிறுவனங்கள் எனப் பலவகையினரும் உறுப்பினர்கள். டிஜிட்டல் காப்பில் ஈடுபாட்டைச் செயலில் காட்டியிருக்க வேண்டும், கூட்டமைப்பின் விழுமியங்களை ஏற்க வேண்டும், அதன் குழுக்களின் பணியில் பங்கேற்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இங்கே கோப்புகளைப் பரிமாறிக்கொள்வதில்லை. அறிவையும் உழைப்பையும் பரிமாறிக்கொள்கிறார்கள்.

உழைப்பைச் சந்தாவாகக் கேட்கும் இந்த முறையை நான் மதிக்கிறேன். பணமில்லாத சிறு நிறுவனமும் பெரிய பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் உட்கார இதைவிட நேரான வழி தெரியவில்லை. ஆனால் இதில் இரண்டு இடங்களில் விதி எழுதுபவர் கவனமாக இருக்க வேண்டும்.

பங்கேற்பு என்பதை யார், எப்படி அளப்பது? பணம் வந்ததா, வரவில்லையா என்பது வங்கிக் கணக்கில் தெரிந்துவிடும். உழைப்பு அப்படித் தெரியாது. உறுப்பினராவது நிறுவனம், கூட்டத்துக்கு வருவதோ ஒரு தனிமனிதர். அவர் வேலை மாறிப்போனால் நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்காது. இரண்டு தொடர்பாளர்களைக் கட்டாயமாக்குவதும், ஆண்டுக்கொருமுறை ‘தொடர்கிறோம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்வதும், அனுப்பாதவரை நீக்காமல் ‘செயல்படாத உறுப்பினர்’ என்று தனியே வைப்பதும் நடைமுறையில் போதுமான விதிகள் என்று கருதுகிறேன். நீக்கம் என்ற கடுமையான சொல்லைக் கண்டு எந்தக் குழுவும் நடவடிக்கை எடுக்கத் தயங்கும். தயங்கும் விதி செத்த விதி.

மற்றொன்று, சந்தா இல்லை என்பதற்குச் செலவு இல்லை என்று பொருளில்லை. செயலகப் பணிக்கும் கூட்டங்களுக்கும் ஆகும் செலவை எவரோ ஏற்கிறார். என்.டி.எஸ்.ஏ.வில் அந்தப் பொறுப்பு முதலில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸிடம் இருந்தது. 2016 ஜனவரி முதல் அது டிஜிட்டல் லைப்ரரி ஃபெடரேஷன் என்ற நூலக அமைப்புக்கு மாறியது. அந்த மாற்றம் நடந்தும் கூட்டமைப்பு தொடர்கிறது என்பது பாராட்டத்தக்கது. எனினும் சந்தா வாங்காத எந்த அமைப்பும், தன்னைத் தாங்கும் நிறுவனம் கைவிட்டால் எத்தனை மாத அறிவிப்பு தர வேண்டும், பெயரும் ஆவணங்களும் இணையதள முகவரியும் யாரைச் சேரும் என்பதைத் தாங்கும் நிறுவனத்தோடு எழுத்தில் செய்துகொள்ள வேண்டும். உறுப்பினர் விதியில் இது வராது என்று சொல்வார்கள். உறுப்பினர்களின் உழைப்பு முழுவதும் அந்த ஆவணங்களில்தானே இருக்கிறது?

யார் எவ்வளவு கட்டுவது

சந்தா வாங்கத்தான் வேண்டும் என்றால், அதைப் பிரிக்கும் முறைக்கு ஹாத்திடிரஸ்ட் நல்ல பாடம். 2008இல் தொடங்கிய இந்த நூலகக் கூட்டமைப்பின் பெயரில் இருப்பது யானையைக் குறிக்கும் இந்திச் சொல். மறக்காத விலங்கு என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். இன்று 1.8 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் நூல் தொகுதிகள் அதில் உள்ளன. முதலில், கோப்புகளை ஒப்படைத்தவர்கள் ஒப்படைத்த அளவுக்கு ஏற்பச் செலவைத் தாங்கினார்கள். இம்முறையில் பொதுநன்மைக்காக அதிகம் கொடுப்பவரே அதிகம் கட்ட வேண்டியிருக்கும்; கொடுக்க ஒன்றுமில்லாத நூலகம் சேர இடமே இருக்காது.

2013 முதல் வந்த முறை இதை மாற்றியது. பதிப்புரிமை நீங்கிய நூல்களைக் காக்கும் செலவை எல்லா உறுப்பினர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள், ஏனெனில் அவை எல்லோருக்கும் பயன்படுகின்றன. பதிப்புரிமை உள்ள நூல் ஒன்றைக் காக்கும் செலவை, அந்த நூலின் அச்சுப்பிரதி எந்தெந்த உறுப்பினர் நூலகங்களில் உள்ளதோ அவை மட்டும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நூலின் அச்சுப்பிரதி நாற்பது நூலகங்களில் இருந்தால் அதன் காப்புச் செலவு நாற்பதாகப் பிரியும். இரண்டில் மட்டும் இருந்தால் இரண்டாகப் பிரியும். இப்படி ஒவ்வொரு நூலுக்கும் கணக்கிட்டுக் கூட்டினால் வருவது அந்த நூலகத்தின் பங்கு. எல்லோருக்கும் 20,000 டாலர் என்பதைவிட இது சிக்கலானது. தங்கள் இருப்புப் பட்டியலை உறுப்பினர்கள் ஒழுங்காக அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆனால் ‘எதற்காகக் கட்டுகிறோம்’ என்று நிதி அலுவலர் கேட்கும்போது நூலகர் கையில் ஒரு விடை இருக்கிறது. என் பார்வையில் அந்த விடைதான் சந்தா விதியின் வெற்றி.

கதவைத் திறக்கும் நேரமும், கதவுக்கு வெளியே நிற்பவரும்

எப்போது பிறரைச் சேர்ப்பது என்பதும் ஒரு விதிதான். இணையதளங்களைக் காக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐ.ஐ.பி.சி. 2003 ஜூலையில் பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் கூடிய பன்னிரண்டு நிறுவனங்களோடு தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகள் அந்தப் பன்னிரண்டுக்கு மட்டுமே இடம்; பிறகுதான் மற்றவர்களுக்குத் திறந்தது. மூடிய கதவு என்று குறைசொல்லலாம். ஆனால் தொடக்கத்திலேயே எல்லோரையும் அழைத்து, என்ன செய்யப்போகிறோம் என்பதையே வாக்கெடுப்பில் முடிவு செய்ய முயலும் கூட்டமைப்புகளோடு ஒப்பிட்டால், காலவரையறை வெளிப்படையாக எழுதப்பட்ட மூடிய கதவு நேர்மையானது.

வணிக நிறுவனங்களைச் சேர்க்கலாமா என்ற கேள்வியில் விதி எழுதுபவர்கள் தடுமாறுவதைப் பார்க்கிறோம். பிரிட்டனில் 2002இல் தொடங்கிவைக்கப்பட்டு இன்று பல நாடுகளில் உறுப்பினர்களைக் கொண்டுள்ள டிஜிட்டல் பிரிசர்வேஷன் கோலிஷன், இதற்குச் சரியான கோட்டைக் கிழித்திருக்கிறது. தன் சொந்த ஆவணங்களைக் காக்க வேண்டிய வங்கி போன்ற வணிக நிறுவனம் அதில் உறுப்பினராகலாம். காப்பு மென்பொருளையோ சேவையையோ விற்கும் நிறுவனம் உறுப்பினராக முடியாது. ‘ஆதரவாளர்’ என்ற தனி வகையில் வரலாம், ஆட்சிக்குழுவில் இடம் பெறாது. இலாபம் ஈட்டுகிறதா என்பதைப் பார்க்காமல், காப்பவரா விற்பவரா என்று பார்க்கும் கோடு இது. விற்பவர் கெட்டவர் என்று இதற்குப் பொருளில்லை. எந்த மென்பொருள் நல்லது என்று உறுப்பினர்கள் மனம்விட்டுப் பேசும் அறையில் அதை விற்பவர் உட்கார்ந்திருந்தால் பேச்சு நின்றுவிடும் என்பதே காரணம்.

போகிறவர்

மீண்டும் 2018 டிசம்பருக்கு வருவோம். அமைப்பு மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, ஒப்படைக்கப்பட்ட பொதிகள் கணுக்களில் இருந்தன. கணுக்களை நடத்திய நிறுவனங்கள் தத்தம் பணியைத் தொடர்ந்துகொண்டிருந்தன. நடுவிலிருந்த ஒப்பந்தம்தான் இல்லாமல் போனது. இருபது ஆண்டு வாக்குறுதியைத் தந்த அமைப்பே இல்லாதபோது அந்தப் பொதிகளை யார் செலவில், யார் பொறுப்பில் வைத்திருப்பது என்பதை ஒப்படைத்தவர்களோடும் கணுக்களோடும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

ஆகவே விலகல் விதி இரண்டு திசைகளிலும் எழுதப்பட வேண்டும். உறுப்பினர் விலகினால், எத்தனை மாதங்களுக்கு முன் அறிவிக்க வேண்டும், அவர் காத்துவந்த பிறரின் பிரதிகளை வேறு கணு ஏற்கும் வரை அவர் சர்வர் இயங்க வேண்டுமா, அவருடைய பொருள் திரும்புமா, அழிக்கப்படுமா, அதற்கான செலவு யாருடையது என்பவை இடம்பெற வேண்டும். கூட்டமைப்பே கலைந்தால், ஒப்படைத்தவருக்கும் ஒவ்வொரு கணுவுக்கும் நேரடி ஒப்பந்தம் தானாக நடைமுறைக்கு வரும் என்றும், அந்த இடைக்காலச் செலவுக்கென முதல் ஆண்டிலிருந்தே சந்தாவில் ஒரு பங்கு தனிக்கணக்கில் ஒதுக்கப்படும் என்றும் எழுத வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

திருப்பிக் கொடுக்கும் நாளில் செய்ய வேண்டியதையும் விதியிலேயே சொல்லிவிட வேண்டும்: பொதி திரும்பியதும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சத்தைப் புதிதாகக் கணக்கிட்டு, ஒப்படைத்த நாளின் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டு, ஒத்துப்போகாத வரிகள் எத்தனை என்று இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கையெழுத்து விழும் வரை, கணுவில் இருக்கும் பிரதியை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை.